புகுந்த வீட்டுக் குடல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. வாசலில் பெரிய பலகை. 'தென்பொதிகை பரம்பரைக் குடல்நோய் முன்காப்பு மற்றும் விழிப்புணர்வு மையம்.' இந்தப் பெயரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குடலைப் பற்றி உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும்.

அப்படி உள்ளே போய்க் கேட்டவர்களில் இசக்கிராஜா ஒருவன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் டெம்போ ஓட்டுகிறான். வயது நாற்பத்தொன்று. கத்தரிக்காய் வாடுவதற்குள் எந்த ஊருக்கும் கொண்டு சேர்த்துவிடுவான் என்று சந்தையில் பெயர். அந்தப் பெயரெல்லாம் இருந்து என்ன? தன் தங்கச்சியை இந்த ஒரு கட்டடத்துக்குள் கொண்டு சேர்க்க அவனால் முடியவில்லை.

அவனுடைய அப்பா சுடலை நாற்பத்தாறு வயதில் போனார். வீட்டில் மூலம் என்று சொன்னார்கள். அத்தைக்கு அப்போது மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள், வேறு எதைச் சொல்ல முடியும்? பிறகு அண்ணன் மாடன் நாற்பத்து நாலில் போனான். இந்தத் தடவை மூலம் என்று சொல்லித் தப்ப வழியில்லை. மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் இசக்கிராஜாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இது உங்க குடும்பத்துல இறங்கி வர்ற குடல் புற்றுநோய். உங்க அப்பாவுக்குப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ஆம்பளை பொம்பளைங்கிற கணக்கே கிடையாது. கேமரா விட்டுப் பாத்தா முதல்ல சின்ன மொட்டா இருக்கும். அப்பவே கத்தரிச்சு எடுத்துட்டா நோய் வராது. வருசா வருசம் பாத்துக்கிட்டே இருக்கணும். இதுக்காக நீங்க மதுரைக்கு அலைய வேண்டாம். உங்க ஊர்லயே ஒரு மையம் இருக்காம்."

அந்தக் கடைசி வரியை அந்த நல்ல மனுஷர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாடனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு உமாராணி வந்திருந்தாள். ஒரே தங்கச்சி, முப்பத்தெட்டு வயது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் கோமதிநாயகம் வீட்டுக்கு மூத்த மருமகள். எல்லோரும் பந்தியில் இருந்தபோது அண்ணனை அடுப்படிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"ஏண்ணே, ஒருத்தர்ட்டயும் சொல்லாத. எனக்கு ரெண்டு மாசமா வெளிக்குப் போகையில ரத்தம் வருது. மாமியார்கிட்டச் சொன்னேன். மூலம்னு சொல்லிக் கருணைக்கிழங்கு அவிச்சுத் தாறாவ."

அப்பாவுக்கும் இதே மூலம்தான் என்று சொன்னது இசக்கிராஜாவுக்கு நினைவு வந்தது. மறுநாளே டெம்போவில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனான்.

உள்ளே தரை பளபளவென்று இருந்தது. கண்ணாடி அறைக்குள் கேமரா இயந்திரம். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உறைமேல் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணேறு படாமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்கள். மையம் தொடங்கி மூன்று வருடம். எலுமிச்சம்பழத்தை மட்டும் வாராவாரம் மாற்றி வந்திருக்கிறார்கள்.

முன்னறையில் வம்சப் பதிவாளர் ஆவுடையப்பன். முன்பு தென்காசியில் திருமணத் தகவல் நிலையம் நடத்தியவர். குடும்பம் குடும்பமாக விவரம் எழுதிப் பழகிய கை என்று இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். பதினான்கு பக்கத்தில் 'வம்சப் படிவம்' ஒன்றைத் தயாரித்தவரும் அவரே. முதல் கேள்வி பெயர், இரண்டாவது கேள்வி குலதெய்வம்.

"குலதெய்வம் எதுக்கு சார்?" என்றான் இசக்கிராஜா.

"குலதெய்வம் ஒண்ணுன்னா வம்சம் ஒண்ணு. வம்சம் ஒண்ணுன்னா குடல் ஒண்ணு. இந்த அம்மா யாரு?"

"என் தங்கச்சி சார். இவளுக்குத்தான் மொதல்ல பாக்கணும். ரத்தம் வருதுன்னு சொல்லுதா."

ஆவுடையப்பன் உமாராணியின் கழுத்தைப் பார்த்தார். தாலியைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆயிருச்சே. எந்த ஊர்ல குடுத்திருக்கு?"

"புளியங்குடி."

"அப்பச் சரி. இவங்க புளியங்குடி வம்சம். உங்க படிவத்துல ஏற மாட்டாங்க."

இசக்கிராஜாவுக்கு விளங்கவில்லை. "சார், அவ எங்க அப்பாவுக்குப் பொறந்தவ."

"பொறந்தாங்க, நான் இல்லேங்கல. இப்ப எந்தச் சாமியக் கும்பிடுதாங்க?"

"அவுக வீட்டுச் சாமியத்தான்."

"சாமி மாறிருச்சுல்லா? குடல் மட்டும் பொறந்த வீட்டுலயே நிக்குமா? சரி, அப்பா சொத்துல பங்கு கேட்டாங்களா?"

"இல்ல சார். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா."

"அப்பிடிச் சொல்லுங்க! சொத்துல பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டாச்சு. நோயில மட்டும் பங்கு கேட்டா எப்பிடி தம்பி? ஒரு ஞாயம் வேணாமா?"

பக்கத்து மேசையில் ஆலோசகர் எப்சிபா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் படிப்பு படித்தவள். "சார், அதெல்லாம் ரத்தத்துல வர்றது. கல்யாணம் பண்ணினா மாறாது" என்று மெதுவாகச் சொன்னாள். ஆவுடையப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ கல்யாணம் ஆகாத புள்ள, உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார். எப்சிபா பழையபடி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

அத்தோடு விட்டாரா? படிவத்தின் பத்தாம் பக்கத்தைப் புரட்டினார். "உங்க வீட்டம்மா வரலியா? இந்தப் பக்கம் அவங்களுக்குத்தான். உயர் ஆபத்துப் பிரிவு."

"மாரித்தாயா? அவ சொந்தத்துல எடுத்தவ இல்ல சார். வேற குடும்பம்."

"வேற குடும்பமா இருந்தாங்க. இப்ப உங்க வம்சம். அவங்க வராம உங்க படிவம் நகராது."

மாரித்தாயிடம் இதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "எங்க தாத்தன் தொண்ணூறு வயசு வரைக்கும் ஒரு நாள்கூட வயித்த வலின்னு படுத்தது கெடையாது. சீக்கு உங்க வீட்டுது, குழாய என் வீட்டுக்குள்ள விடுதானுவளா? நாசமாப் போறவனுவ!" ஆனால் அவள் வராமல் புருஷனுக்குச் சோதனை இல்லை என்றதும் பேசாமல் வந்து கையெழுத்துப் போட்டாள். அவள் நல்லவள்.

உமாராணிக்காக, அவளையும் கூட்டிக்கொண்டு இசக்கிராஜா இயக்குநரையே பார்த்துவிட்டான். இயக்குநர் டாக்டர் ஆதித்தன். சுவரில் அவர் வாங்கிய கேடயங்கள் இருபத்தெட்டு. நோயாளி யாரையும் தொட்டுப் பார்க்காத கைகள் நல்ல மிருதுவாக இருந்தன. அவர் பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா ஒரு நிறுவனம்னா நெறிமுறை வேணும். ரத்தம் வருதுன்னு சொல்றவங்களையெல்லாம் உள்ள விட்டா இது ஆஸ்பத்திரி ஆயிரும். நாங்க வருமுன் காக்கிறவங்க. வந்தவங்களைப் பாக்கிறது எங்க நோக்கத்துலயே கிடையாது. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. உங்க மாமனார், தன்னோட வம்சத்துல குடல் புற்றுநோய் உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லேன்னா விவாகரத்துச் சான்றிதழ் கொண்டுவந்தா பிறந்த வம்சத்துக்குத் திரும்பிக்கலாம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

உமாராணி அண்ணனைப் பார்த்தாள். இசக்கிராஜா தரையைப் பார்த்தான்.

"வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்" என்றார் இயக்குநர். மணியை அடித்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிறக் கரை, நிறுவனர் படம், முத்திரை. உமாராணி சுடலை வம்சத்தைச் சேர்ந்தவர் அல்லர் ஆகையால் பரம்பரைக் குடல்நோய் ஆபத்து அற்றவர் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. விரல் வைத்துத் தொட்டுப்பார்க்காமல், ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல், எழுத்துப்பிழை இல்லாமல் கொடுத்தார்கள்.

புளியங்குடியில் மாமியார் அதைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாள். கருணைக்கிழங்கு தொடர்ந்தது.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. கேமரா இயந்திரத்தின் உறையைப் பிரிக்கும் திறப்பு விழாவை மையம் அப்போதுதான் வைத்தது. ஐந்தருவிச் சாலையோர மைதானத்தில் பிளாஸ்டிக் துணியில் அறுபதடி நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு குடலைத் தைத்து மோட்டார் வைத்துக் காற்றடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு வாய் வழியாக நுழைந்து மறுவாய் வழியாக வெளியே வரலாம். அருவியில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் வழிய, ஈரத் துண்டோடு குடும்பம் குடும்பமாக உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். நடுக்குடலில் மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். குரங்குகளும் போய் வந்தன.

இசக்கிராஜாவுக்கும் மாரித்தாய்க்கும் சோதனை அன்றைக்குத்தான். காலை ஐந்து மணிக்குப் பேதிப் பொடியைத் தண்ணீரில் கலந்து ஆளுக்கு இரண்டு லிட்டர் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேடைக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. குடித்தார்கள், வந்தார்கள். மாரித்தாயைக் காரில் மையத்துக்கு அனுப்பினார்கள். இசக்கிராஜாவை மேடையில் 'வம்ச நாயகர்' என்று அட்டை தொங்கவிட்டு உட்கார வைத்தார்கள். திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. மைதானத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. பெரிய மனிதருக்காகக் கழுவி, ரோஜாப்பூ வைத்து, பூட்டி, சாவியை அவருடைய ஆட்களிடமே கொடுத்துவிட்டார்கள். சாவி அவரோடு வந்துகொண்டிருந்தது.

"சார், எனக்கு முடியல. எங்கனயாவது ஒதுங்கிட்டு வந்துருதேன்."

"விழா நாயகர் மேடையை விட்டு இறங்கினா நல்லாவா இருக்கும்? அடக்குங்க தம்பி. குடல் கட்டுப்பாடுதானே நம்ம லட்சியம்" என்றார் ஆவுடையப்பன்.

ஒரு மணிக்குப் பெரிய மனிதர் வந்தார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த மையம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒருவருக்குக்கூட இங்கே புற்றுநோய் கண்டுபிடிக்கப்படவில்லை! இதைவிடப் பெரிய தடுப்பு உண்டா? மற்ற ஆஸ்பத்திரிகளைப் பாருங்கள். அங்கே சோதனை செய்கிறார்கள், உடனே நோய் வந்துவிடுகிறது. நாங்கள் அந்தத் தவறைச் செய்ததில்லை!"

கூட்டம் கைதட்டியது. பெரிய மனிதர் பொத்தானை அமுக்கினார். மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் மையத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு ஓடத் தொடங்கியது. ஈரமாக, சிவப்பாக ஏதோ ஒரு குகை தெரிந்தது. 'முதல் பயனாளி திருமதி மாரித்தாய் அவர்களின் பெருங்குடல்' என்று கீழே எழுத்து ஓடியது. அருவிக்கு வந்த கூட்டம் பஜ்ஜியை மென்றுகொண்டே பார்த்தது. கேமரா ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது ஒருவன் விசில் அடித்தான்.

இசக்கிராஜாவுக்கு முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த கணம் வயிறு விட்டுப்போயிற்று. மேடையிலிருந்து குதித்தான். கழிப்பறை பூட்டிக்கிடந்தது. கைக்கெட்டின தூரத்தில் மறைவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குள் ஓடினான். அறுபதடிக் குடல், தைத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு குடல் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது.

உள்ளே இருந்த குடும்பங்கள் இரண்டு வாயாலும் வெளியே ஓடிவந்தன. குரங்குகள்கூட நிற்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் மாரித்தாயின் குடல் சுத்தமாக இருப்பதாகச் செய்தி வந்தது. அவள் ஒரு மாதம் வாசல் தெளிக்கக்கூட வெளியே வரவில்லை. இசக்கிராஜாவுக்கு மையத்திலிருந்து கடிதம் வந்தது. மையத்தின் குடலை அசுத்தப்படுத்திய குற்றத்துக்காக அவனுடைய குடல் சோதனை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறதாம்.

அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் எப்சிபா. தபாலில் அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றே கையில் கொண்டுவந்தாள்.

"அண்ணாச்சி, இவங்கள நம்பிக் கெடக்காதீங்க. நீங்களும் தங்கச்சியும் இன்னைக்கே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க எந்தச் சாமின்னு கேக்க மாட்டாங்க."

புளியங்குடிக்குப் போனான். மண்டியில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் ஒரு மகள் கட்டிக்கொடுக்க இருந்தாள். கேட்டவுடனே குரல் உயர்ந்தது.

"மையமே முத்திரை குத்திக் குடுத்திருக்கு, இவளுக்கு ஒண்ணுமில்லேன்னு. பெரிய ஆசுபத்திரிக்கு இவளக் கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்? என் வீட்டுல அந்தச் சீக்கு கெடையாது வே. உம்ம வீட்டுதக் கொண்டாந்து இங்கன ஒட்டாதேயும்."

உமாராணி கதவோரம் நின்றாள். மெலிந்திருந்தாள். "நீ போண்ணே, பாத்துக்கலாம்" என்றாள். இசக்கிராஜா திரும்பிவிட்டான். ஏன் திரும்பினான்? கையைப் பிடித்து இழுத்து டெம்போவில் ஏற்றியிருக்கக் கூடாதா? அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை படித்தவர்கள், இத்தனை கேடயம் வாங்கியவர்கள், முத்திரை வைத்துச் சொல்கிறார்கள். ஒருவேளை சரியாக இருக்குமோ? அந்தச் சந்தேகத்துக்காக அவன் பிறகு தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

தனக்கு மட்டும் திருநெல்வேலிக்குப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டே கேள்வி கேட்டாள். அப்பா எத்தனை வயதில், அண்ணன் எத்தனை வயதில். அரைமணி நேரத்தில் இரண்டு மொட்டைக் கத்தரித்து ஒரு குப்பியில் போட்டுக் காட்டினாள். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. இதற்காகவா அப்பன் செத்தான், இதற்காகவா அண்ணன் செத்தான் என்று இசக்கிராஜா அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூடப் பொறந்தவங்க வேற யாரும் இருக்காங்களா?" என்றாள் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே புளியங்குடிக்குப் போய், கோமதிநாயகத்தின் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, தங்கச்சியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். முதல் ரத்தம் கண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. டாக்டரம்மா படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஈரல்வரை போயிருந்தது.

"போன வருசம் வந்திருந்தீங்கன்னா…" என்று தொடங்கியவள் அதை முடிக்கவில்லை.

அடுத்த சாரல் தொடங்கும்போது உமாராணி போய்விட்டாள்.

புளியங்குடியில் அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. மையத்திலிருந்து ஆவுடையப்பன் வந்தார், மலர் வளையத்தோடு. அதில் சுற்றியிருந்த ரிப்பனில் 'கோமதிநாயகம் வம்சத்தின் முதல் பதிவு' என்று அச்சடித்திருந்தது. கையில் ஒரு கட்டுப் படிவம். கோமதிநாயகத்துக்கும், உமாராணியின் புருஷன் உட்பட மகன்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"உங்க வம்சத்துல இப்ப ஒண்ணு நடந்திருச்சுல்லா? நீங்க நாலு பேரும் உயர் ஆபத்து. திங்கக்கிழமை வந்துருங்க. பொடி நாங்களே தாறோம்."

ஒரு தலைமுறையிலும் குடல் நோயே இல்லாத அந்த நாலு ஆண்களும் வெளிறிப்போய் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். உமாராணியின் மகள் செண்பகப்பிரியா, பத்தொன்பது வயது, அம்மாவின் தலைமாட்டில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடையப்பன் கோமதிநாயகத்தின் காதோரம் குனிந்தார்.

"பேத்திக்குச் சீக்கிரம் ஒரு வரன் பாத்துருங்க அண்ணாச்சி. கழுத்துல தாலி ஏறிட்டா இந்த வம்சத்து ஆபத்து அவளை விட்டுப் போயிரும். நம்ம மையத்துல நூத்துக்கு நூறு தடுப்பு இது ஒண்ணுதான். என் கையில ரெண்டு நல்ல ஜாதகம் இருக்கு."

இசக்கிராஜா குறுக்கே வந்து நின்றான். "அவளுக்கு நான் கேமரா பாத்துக்கிடுதேன். பதினாறு கழிஞ்ச மறுநாள் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"நீங்களா? நீங்க சுடலை வம்சம்லா தம்பி. இந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?"

அப்போது சடங்கு செய்கிறவர் சத்தம் கொடுத்தார். "பொறந்த வீட்டுக் கோடி எங்கய்யா? பொறந்த வீட்டு ஆளு முன்னால வாங்க! அவுக கோடி விழாம பொணத்த எடுக்கக் கூடாது!"

கூட்டம் விலகி வழி விட்டது. இசக்கிராஜா மடியில் வைத்திருந்த சிவப்புக் கோடிச் சேலையைப் பிரித்துத் தங்கச்சியின் மேல் போர்த்தினான். கழுத்துவரை இழுத்துவிட்டான். நிமிர்ந்து ஆவுடையப்பனைப் பார்த்தான்.

"பதிவாளர் சார், கேட்டுச்சா? யாரக் கூப்பிட்டாவன்னு கேட்டுச்சா? அவ எங்க வீட்டுப் புள்ளன்னு இந்தப் பொணத்தத் தூக்குதவனுக்குத் தெரியுது. உமக்கு எப்பிடிவே தெரியாமப் போச்சு?"

ஆவுடையப்பன் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது வெறும் சடங்கு தம்பி. நாங்க பண்ணுதது விஞ்ஞானம்."

தூறல் வலுத்தது. உமாராணியின் முகத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் படிவங்கள் நனையாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.